ஊசி போட்ட இடம் வீங்கினால் மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி அதிகமா?

கேள்வி: மாதவரம் பக்கத்தில் ஐந்து கறவை மாடு வைத்திருக்கிறேன். டிபி பரிசோதனையில் ஒரு மாட்டுக்குக் கழுத்தில் ஊசி போட்ட இடம் நன்றாகத் தடித்துவிட்டது. ஆனால் இருமல் இல்லை, தீவனம் எடுக்கிறது, பாலும் குறையவில்லை. எதிர்ப்பு சக்தி இருப்பதால்தான் வீங்கியது, பயப்படாதே என்கிறார் பக்கத்துப் பால்காரர். சரியா டாக்டர்?

பதில்: பாதி சரி. ஊசியில் இருந்தது கிருமி இல்லை, அதிலிருந்து எடுத்த புரதம். அதை ஏற்கெனவே அறிந்த டி செல்கள் (கிருமியை நினைவு வைத்து எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) மாட்டின் உடம்பில் இருந்தால், அந்த இடத்தில் கூடித் தோலைத் தடிக்க வைக்கும். 72 மணி நேரம் கழித்து அளக்கும்போது 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் பாசிட்டிவ். அதாவது உடம்பு கிருமியை அடையாளம் கண்டுவிட்டது, அவ்வளவுதான். விரட்டிவிட்டது என்று அர்த்தமில்லை.

நுரையீரலுக்குள் வரும் கிருமியை விழுங்கு செல்கள் பிடித்து விழுங்கும். மற்ற கிருமி என்றால் பெரும்பாலும் அங்கேயே செரித்துவிடும். காசநோய்க் கிருமியோ அந்தச் செரிமானத்தைத் தடுத்து, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டு புரதத்தைச் சுரந்து விழுங்கு செல்களை உசுப்பிவிட்டாலும் முழுசாகத் தீர்வதில்லை. கடைசியில் சுற்றிலும் செல்களை அடுக்கி அடைத்து வைக்கிறது உடம்பு. வெளியே கொழுகொழுவென்று தெரிந்த மாட்டின் நெஞ்சு நிணநீர் முடிச்சை இறந்தபின் வெட்டினால், உள்ளே மஞ்சளாகக் கெட்டிச் சீழ் இருக்கும்; சுண்ணாம்பு படிந்த இடத்தில் கத்தி நறநறக்கும்.

இன்னொன்று. நோய் முற்றிய மாட்டுக்கு இந்த வீக்கமே வராமல் போகலாம். கன்று போட்ட புதிதிலும் அப்படித்தான். அதனால் வீங்காத மற்ற நான்கையும் நான் இப்போதே நல்ல மாடு என்று சொல்லமாட்டேன். மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள சாதுவான உறவுக்காரக் கிருமிகளாலும் தோல் தடிக்கும் என்பதால், 42 நாளாவது விட்டு ஒப்பீட்டுப் பரிசோதனை (மாட்டு டிபி புரதத்தையும் பறவை டிபி புரதத்தையும் தனித்தனி இடத்தில் போட்டு எது அதிகம் தடிக்கிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள்.

அதுவரை அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். பாலை விற்க வேண்டாம், கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்போம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் போட்டாலும் கிருமி ஒளிந்திருக்கும், மருந்து பாலில் இறங்கும்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மாடு வைத்திருப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்: மாட்டு டிபியை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் போவிஸ் கிருமிக்கு, மனிதருக்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு வேலை செய்யாது.