"அவன் மாத்திரை போட்டானா?"

கேள்வி: எனக்கு 31 வயது, திருமணமாகித் திருச்சியில் இருக்கிறேன். கும்பகோணத்தில் அப்பா அம்மாவுடன் இருக்கும் என் தம்பிக்கு 28 வயது. பொறியியல் மூன்றாம் ஆண்டில் மனச்சிதைவு நோய் வந்து படிப்பு நின்றுபோனது. மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். வீடு திரும்பிக் கொஞ்ச காலம் நன்றாக இருப்பான். அப்புறம் மறுபடியும் காதில் குரல், சந்தேகம், தூக்கமின்மை. அம்மா அவனை விட்டு நகர்வதில்லை. ஏழு வருடமாக ஒரு நல்லது கெட்டதுக்குப் போனதில்லை. அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். நான் போகும்போது, அவன் எதிரில் உட்கார்ந்திருக்க, "அவன் மாத்திரை போட்டானா?" என்று என்னிடம் கேட்பார். நானும் அட்டையைப் பார்த்துச் சொல்வேன். ஊருக்கு வெளியே ஒரு விடுதி இருக்கிறதாம். மாதப் பணம் கட்டினால் போதும், போய்ப் பார்க்கக்கூட வேண்டாம் என்கிறார்கள். அங்கே சேர்ப்பது பாவமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: பாவ புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாது. இதே கேள்வியோடு எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. "நீங்கள் நல்ல அக்கா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அதை நான் எழுதப்போவதில்லை.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவன் எதிரில் உட்கார்ந்திருக்க, அப்பா உங்களிடம் கேட்கிறார். சரி, அவர் பழைய காலத்துத் தலைமை ஆசிரியர், கேட்டுவிட்டார். பதில் சொன்னது யார்? இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை முன்னால் இருக்கும்போது, அவன் வாயில் போன மாத்திரைக்கு அட்டையை எண்ணிச் சாட்சி சொன்னது நீங்கள். அப்பாவைக் குறையாகச் சொல்லிவிட்டு "நானும்" என்று ஒரு சொல்லில் நழுவிவிட்டீர்கள். அந்த நேரத்தில் உங்கள் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று கவனித்தீர்களா? கவனித்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். லண்டனில் கிறிஸ்டின் வான் என்ற மருத்துவ உளவியலாளரும் ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவரும் 1976-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதற்கு முன்பே ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் கவனித்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு, வாடகை அறைக்குப் போனவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியது. ஏன் என்று தேடித்தான் பின்னால் வந்த ஆய்வுகள் நடந்தன. நோயாளி இல்லாத நேரத்தில் வீட்டாரை உட்காரவைத்துப் பேசவிட்டு, ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். குறை சொல்லும் பேச்சு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணினார்கள். என்ன சொன்னார்கள் என்பதோடு, எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். "காலையில் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான்" என்பதைத் தகவலாகவும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். இரண்டாவது மட்டும் கணக்கில் சேரும்.

குத்தலும் வெறுப்பும் அளவுக்கு மீறிய பதற்றமும் இருந்த வீடுகளில், ஒன்பது மாதத்துக்குள் சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. அமைதியான வீடுகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத்தான். நோயை வீட்டார் உண்டாக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மனச்சிதைவு வந்தது பெற்றோரின் குற்றமல்ல. ஆனால் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. "அதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டில்" என்று சொல்லிவிடாதீர்கள். சண்டிகரில் இதே ஆய்வைச் செய்து 1987-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன, நம் கூட்டுக் குடும்பத்துக்கு அது ஒரு பெருமைதான். ஆனால் வெறுப்பு இருந்த வீடுகளில் அங்கேயும் நோய் திரும்பியது.

உங்கள் அப்பா திட்டுவதில்லை என்பீர்கள். திட்டுகிற அப்பாவாவது மகனைப் பார்த்துத் திட்டுகிறார்.

அம்மாவுக்கு வருகிறேன். ஏழு வருடம் வாசற்படி தாண்டாததைத் தியாகம் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஊரும் கையெடுத்துக் கும்பிடும். நான் கும்பிட மாட்டேன். அந்தப் பதற்றமும் அதே ஆய்வில் கெடுதல் பக்கத்தில்தான் வருகிறது. தனக்காக ஒரு உயிர் கரைந்துகொண்டிருப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எந்தப் பிள்ளைக்கும் பாரம். குத்தல் நிறைந்த, பதற்றம் நிறைந்த வீடுகளிலும்கூட இரண்டு விஷயம் நோயாளியைக் காப்பாற்றியது என்று வானும் லெஃபும் கண்டார்கள். ஒன்று, விடாமல் எடுத்துக்கொண்ட மாத்திரை. இன்னொன்று, அந்த உறவினரோடு முகத்துக்கு முகம் இருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக இருந்தது. உங்கள் வீட்டில் அந்த 35 மணி இரண்டு மூன்று நாளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே அம்மாவை வெளியே அனுப்புங்கள். பிரதோஷத்துக்குப் போகட்டும், தங்கை வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வரட்டும். தம்பிக்கும் தினமும் சில மணி நேரம் வீட்டுக்கு வெளியே ஒரு வேலை வேண்டும். தெரிந்தவர் கடையில் கணக்கு எழுதுவதாக இருந்தாலும் போதும். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில், மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியபோதே, மருந்தோடு பகல்நேரப் பயிற்சியும் வேலையும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அப்படி என்ன வசதி இருக்கிறது என்று விசாரியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தாலும் தமிழில் வழிகாட்டுவார்கள்.

அப்பாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அடுத்த முறை கேட்கும்போது, "அவனையே கேளுங்கப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் பேசாதீர்கள். கொஞ்ச நேரம் வீடே கம்மென்று இருக்கும், இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது அப்பாவையும் அழைத்துப்போய், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் மருத்துவ உளவியலாளர் அங்கே இருந்தால் நேரம் கேளுங்கள். லெஃப் குழுவினர் 1982-இல் இப்படிக் குடும்பங்களோடு பேசிப் பார்த்தபோது, நோய் திரும்புவது நன்றாகவே குறைந்தது.

விடுதிக்கு வருவோம். விடுதியில் சேர்ப்பதே தப்பு என்று சொல்பவள் இல்லை நான். பெற்றோருக்கு முடியாமல் போகும் காலம் வரும், நல்ல இடங்களும் இருக்கின்றன. ஆனால் "போய்ப் பார்க்கக்கூட வேண்டாம்" என்று சொல்கிற இடத்தைப் பற்றி எப்படியம்மா ஒரு அக்காவால் நிம்மதியாக எழுத முடிந்தது? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களையும் வீட்டார்தான் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டாத, முன்னறிவிப்பில்லாமல் உள்ளே விடாத எந்த இடத்துக்கும் நீங்கள் பணம் கட்டக் கூடாது. கூடப்பிறந்தவர்களுக்குக் கடமை உண்டு என்று நம்புகிற பழைய ஆள் நான். மாதப் பணம் அதில் ஒரு பகுதி மட்டும்தான். கல்யாணமாகிவிட்டால் அக்கா இல்லை என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இன்னொன்று. இவ்வளவு எழுதியவர், விடுதியைப் பற்றித் தம்பியிடம் கேட்டதாக ஒரு வரிகூட எழுதவில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முடிவெடுக்க முடியாத நேரத்தில் தன் சார்பில் பேச ஒருவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கவும் செய்யலாம். இப்போது தெளிவாக இருந்தால் இப்போதே அதைச் செய்யச் சொல்லுங்கள். யார் பெயரை எழுதுவது என்பது அவர் இஷ்டம். உங்கள் பெயரை எழுதாவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.