ஷட்டில் ஆட தனிக் கண்ணாடி வேண்டுமா?

கேள்வி: எனக்கு மைனஸ் 3 பவர். தினமும் போடுகிற கண்ணாடியோடுதான் சாயங்காலம் டபுள்ஸ் ஆடுகிறேன். போன வாரம் கார்க் பட்டு ஃப்ரேம் வளைந்துவிட்டது. விளையாட்டுக்குத் தனியாக வாங்கணுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: ஃப்ரேமோடு போயிற்றே, தப்பித்தீர்கள். எடை 5 கிராம்தானே என்று ஷட்டிலை லேசாக நினைக்காதீர்கள், பெரிய பந்தென்றால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு கொஞ்சமாவது தாங்கும், அந்தக் கார்க் தலையோ கண்குழிக்குள் நேராகப் போய் உட்காரும் அளவு. வலையோரம் நிற்பவர், பின்னால் கூட்டாளி என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்ப்பாரே, அந்த நொடிதான் ஆபத்து.

வாங்குங்கள். பாலிகார்பனேட் (அடிபட்டாலும் எளிதில் உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ், நடுவில் குறைந்தது 2 மி.மீ. கனம், உங்கள் பவரிலேயே போட்டுத் தருவார்கள். ஃப்ரேமில் ஏ.எஸ்.டி.எம். எஃப்3164 தரக்குறி (ராக்கெட் விளையாட்டுக் கண்காப்புக்கான அமெரிக்கத் தரம்) இருக்கிறதா என்று கேளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் பார்வைக்குச் சரி, அடியைத் தடுக்காது. சாரல் நேரத்தில் உங்கள் ஊரில் ஆடினால் கண்ணாடி சீக்கிரம் ஆவி பிடித்துக்கொள்ளும், அதனால் ஓரத்தில் காற்றுத் துளை உள்ளதாகப் பாருங்கள். அப்புறம், பனியன் நுனியால் துடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், பாலிகார்பனேட்டில் சட்டென்று கீறல் விழும்.