மின்னஞ்சலுக்குத் தனி மென்பொருள் தேவையா?

கேள்வி: இதுவரை ஃபயர்பாக்ஸ் உலாவியில்தான் ஜிமெயிலைப் படித்து வருகிறேன். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளைக் கணினியில் நிறுவினால் பழைய கடிதங்கள் அழிந்துவிடுமா? கடிதங்களைப் பெறும் முறைகளான ஐமேப் (IMAP), பாப் (POP) இரண்டில் எது நல்லது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுவுவதால் எதுவும் அழியாது. உலாவியில் நீங்கள் காண்பது கூகுளின் சர்வரில் (மையக் கணினியில்) உள்ள கடிதங்களையே. தண்டர்பேர்டோ அவற்றின் படிகளை உங்கள் கணினியிலும் சேமித்து வைப்பதால், இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் படிக்க முடியும்.

ஐமேப் முறையையே தேர்ந்தெடுங்கள். பாப் முறை, கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து நீக்கிவிடும் வழக்கத்தோடு உருவானது. ஒரே கணினியை மட்டும் பயன்படுத்திய காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஐமேப்பில் கடிதங்கள் சர்வரிலேயே இருப்பதால், கணினியில் படித்த கடிதம் கைப்பேசியிலும் படித்ததாகவே தெரியும். ஆனால் இதிலேதான் மிகுந்த கவனம் வேண்டும்: இடத்தை மிச்சப்படுத்த எண்ணித் தண்டர்பேர்டில் ஒரு கடிதத்தை நீக்கினால், அது கைப்பேசியிலிருந்தும் மறைந்துவிடும். ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் 30 நாள்கள் வரை இருக்கும் என்பதால் அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

கணக்கைச் சேர்ப்பது எளிது. பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால், சர்வர் விவரங்களைத் தண்டர்பேர்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். பிறகு தோன்றும் கூகுளின் உள்நுழைவுச் சாளரத்தில் கடவுச்சொல்லை இட்டு, அனுமதி வழங்க வேண்டும். அதன்பின் உலாவியிலும் வழக்கம்போல் ஜிமெயிலைத் திறக்கலாம்.