இட்டேரியில் சைக்கிள் விடலாமா?

இட்டேரி மாதிரி மண் தடங்களில் சைக்கிள் சவாரி போவது பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில.

கேள்வி: புதிதாக கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் வண்டி) வாங்கியிருக்கிறேன். அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டி அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அரை நாளில் போய்வருகிற மாதிரி, மேடுபள்ளமும் ஆறும் இருக்கிற ஒரு பாதை சொல்லுங்களேன்.
— வாசகர், திருப்பூர்

பதில்: வண்டியை வாங்கிவிட்டு அப்புறம் ரோடு தேடுகிறீர்கள். பரவாயில்லை, என் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். உங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கிற காங்கேயம் பக்கத்தை விட்டுவிட்டு வேறு எங்கேயும் போகச் சொல்ல எனக்கு மனது வராது.

சென்னிமலை வரை வண்டியைக் காரில் கொண்டுபோய், விடிவதற்குள் கிளம்புங்கள். முதலில் மேற்கே, கொடுமணலுக்கு. நொய்யலின் வடகரையில் இருக்கிற ஊர். இரும்பு உருக்கிய உலையும், கல்மணி செய்த பட்டறையும், தமிழி (தமிழ் பிராமி) எழுத்து கீறிய பானை ஓடுகளும் அகழாய்வில் கிடைத்தது இங்கேதான். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பழைய பெருவழியில் இருந்த தொழிலூர். இன்றைக்குப் போனால் காடும் வரப்பும் பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றிய சில கல்வட்டங்களும்தான் கண்ணில் படும். ஏமாறாதீர்கள்.

அங்கிருந்து நொய்யலைத் தாண்டித் தெற்கே. ஆற்றைப் பார்த்ததும் பாட்டிலை நிரப்பிவிட வேண்டாம். பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போன கதையைத் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆற்றைக் கடந்து மேலே ஏறினால் நிலத்தின் முகமே மாறிவிடும். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் ஆரம்பம். கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. இரண்டு வேலிகளுக்கு நடுவே மாடும் வண்டியும் போவதற்கென்று விட்டிருக்கும் தடம்தான் இட்டேரி. சக்கரம் அறுத்து அறுத்து இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும், நடுவில் புல் மட்டும் மேடாக நிற்கும். சரளைக்குள்ளிருந்து வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பள்ளத்தைப் பிடித்தால் அதிலேயே போங்கள். நடுப்புல்லைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்கு மாறப் பார்க்கிறவர்தான் விழுகிறார். இறக்கத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காமல், உடம்பைப் பின்னால் தள்ளி, வண்டியை அதன் போக்கில் விடுங்கள். ஒரு மேடு ஏறினால் ஓர் ஓடை, ஓடை தாண்டினால் மறுபடி மேடு. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் சிவன்மலை அடிவாரத்தில் டீக்கு நிறுத்தும்போது தொடை கணக்குச் சொல்லும்.

செல்போன் மேப்பில் பாதி இட்டேரி இருக்காது, இருப்பதில் பாதி யாரோ ஒருவருடைய தோட்டத்தில் போய் முடியும். மாடு மேய்க்கிறவரைக் கேளுங்கள். "ஏனுங்க, இந்தத் தடம் காங்கேயம் போகுங்களா?" என்றால் போதும். வழியும் சொல்வார், போர்வெல் தண்ணீர் வருகிற இடத்தையும் சேர்த்துச் சொல்வார். ஒன்று மட்டும் முக்கியம்: கொறங்காட்டு வாசலில் இருக்கும் படலை, அதாவது முள் கதவைத், திறந்து போனால் திரும்ப இழுத்துக் கட்டிவிட்டுப் போங்கள். உள்ளே மேய்வது அவர்களுடைய வருமானம்.

கேள்வி: ஆடி மாதம் சவாரி போகலாமா? எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.
— பள்ளி ஆசிரியை, தாராபுரம்

பதில்: தெரியாமலா அம்மணி! ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது எட்டு கிலோ சைக்கிள் எம்மாத்திரம்? ஆனாலும் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டும். உங்கள் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலை நிற்பது அதை நம்பித்தான். எனவே விடியற்காலையில், காற்று சோம்பலாக இருக்கும்போதே குண்டடம் பக்கமாக மேற்கே மிதித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அது வேகமெடுத்ததும் திரும்பினால் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மாற்றிச் செய்தால் பத்து கிலோமீட்டர் முப்பது மாதிரி இருக்கும்.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் கரிசல் துண்டு துண்டாக இருக்கிறது. ஐப்பசி மழை பெய்த மறுநாள் அதில் இறங்கினால் மண் டயரில் ஏறி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இறுகி, வண்டி நின்றுவிடும். குச்சியால் நோண்டிக்கொண்டே வீடு வரவேண்டியதுதான். காங்கேயத்துச் செம்மண் சரளை அப்படியில்லை. ராத்திரி மழை பெய்தாலும் காலையில் ஓட்டலாம், புழுதி அடங்கி இன்னும் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்ட ஆசை. அனுமதி வேண்டுமா? எந்த மாதம் நல்லது?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கரை நீர்வளத் துறையுடையது, சவாரிக்காகப் போட்டதல்ல. ஊர்க்காரர்கள் டூவீலரிலும் டிராக்டரிலும் போய்வருகிற நீளங்களில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட் போட்டிருந்தாலோ, வாய்க்கால் காவலரான லஸ்கர் கை காட்டினாலோ பேச்சு வளர்க்காமல் திரும்பிவிடுங்கள். மதகில் கை வைக்காதீர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊர் இது, ஒரு கதவு அசைந்தால் கடைமடையில் சண்டை வரும்.

ஓட்டுவதற்கு இந்தக் கரை ஏன் இவ்வளவு சுகம் என்றால், வாய்க்கால் நிலத்தின் மட்டத்தைத் தொட்டுக்கொண்டே வளைந்து வளைந்து போகிறது. பவானிசாகரில் தொடங்கி ஏறக்குறைய 200 கிலோமீட்டர், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம், வழியில் மூச்சு வாங்குகிற ஏற்றம் என்று ஒன்றுமே கிடையாது. மேட்டுப்பக்கம் சோளக்காடு, பள்ளப்பக்கம் நெல்லும் மஞ்சளும். இந்த வித்தியாசத்தைக் கரைமேல் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வாய்க்கால் என்ன செய்தது என்று புரியும்.

வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நஞ்சைக்குத் தண்ணீர் திறப்பார்கள், டிசம்பர் நடுவாக்கில் அடைப்பார்கள். அப்புறம் ஜனவரியிலிருந்து புஞ்சைக்கு. அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து இது முன்பின் ஆகும். பார்க்க அழகு தண்ணீர் ஓடும்போது. ஆனால் கான்கிரீட் போட்ட இடங்களில் சரிவில் பாசி பிடித்திருக்கும். உள்ளே சறுக்கினால் பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. எவ்வளவு வெயிலானாலும் அதில் குளிக்க இறங்காதீர்கள். குளிக்க ஆசையென்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொடிவேரி இருக்கிறது, அங்கேயும் அனுமதித்த இடத்தில் மட்டும். சுடச்சுட மீன் வறுவலும் கிடைக்கும். காலை எட்டு மணிக்கே அதைச் சாப்பிட்டுவிட்டு மிதிக்கிறவர்களை எனக்குத் தெரியும், நான் பரிந்துரைக்கவில்லை.

கேள்வி: இதற்கெல்லாம் கிராவல் சைக்கிள்தான் வேண்டுமா? என்னிடம் பழைய எம்டிபி (மவுண்டன் பைக்) இருக்கிறது.
— கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வேண்டாம். இருப்பதை ஓட்டுங்கள். 40 மில்லிமீட்டர் அகல டயரும், மேடு ஏற ஒரு லேசான கியரும் இருந்தால் எந்த வண்டியும் இட்டேரியில் போகும். இதைச் சைக்கிள் கடைக்காரனே சொல்கிறேன்.

கேள்வி: முள்! ஒரே சவாரியில் மூன்று பஞ்சர். அதுவும் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே. என்னதான் செய்வது?
— வாசகி, கரூர்

பதில்: ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. டியூபுக்கு வைத்தியம் பார்த்தீர்கள், டயருக்குப் பார்க்கவில்லை. சீமைக்கருவேல முள் குத்தியதும் வெளியே ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளிகூடத் தெரியாது. டயரைக் கழற்றி, பழைய பனியன் துணி ஒன்றைச் சுருட்டி உள்பக்கம் ஒரு சுற்று மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். முள் இருக்கிற இடத்தில் துணி நூல் இழுத்து நிற்கும். விரலால் தேடாதீர்கள், ரத்தம் வரும். உள்ளிருந்து நெயில் கட்டரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அதற்கப்புறம்தான் டியூபை மாட்டவேண்டும்.

ரிம்மும் டயரும் தாங்குமென்றால் டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) ஆக்கி, ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் திரவத்தை ஊற்றிவிடுங்கள். நெருஞ்சிக்கெல்லாம் அது அசையாது. ஆனால் இந்த வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: அறுபது வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக ஈரோட்டில் சமமான பாதை உண்டா?
— வாசகர், ஈரோடு

பதில்: காலிங்கராயன் வாய்க்கால். பவானியிலிருந்து காவிரிக்கு இணையாகத் தெற்கே போகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள், அந்த நெளிவைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். டவுனுக்குள் இருக்கிற பகுதியை விட்டுவிடுங்கள், நாற்றம் தாங்காது. ஊர் தாண்டி ஊஞ்சலூர், கொடுமுடி பக்கமாகப் போங்கள். தென்னை, வாழை, கரும்பு என்று நிழலுக்குக் குறைவில்லை. தை, மாசியில் போனால் மஞ்சள் வேகவைக்கிற வாசனை ஊர் ஊராக வரும். கொடுமுடியில்தான் காவிரி கிழக்கே திரும்புகிறது, அப்பாவுக்குக் காட்டுங்கள். திரும்புவதற்கு மட்டும் யாரையாவது காரோடு வரச் சொல்லிவிடுங்கள். போகும்போது இருக்கிற உற்சாகம் வரும்போது அவருக்கு இருக்காது, ஒருவேளை உங்களுக்கும்.

கேள்வி: தோட்டத்து நாய் துரத்தினால்?
— வாசகர், வெள்ளகோவில்

பதில்: இறங்கிவிடுங்கள். வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது. தோட்டத்துக்காரர் வந்து அதட்டுவார், அப்படியே "எங்கிருந்து வர்றீங்க, மோர் குடிக்கறீங்களா" என்பார். வேண்டாமென்று சொல்லாதீர்கள்.