பிகாச்சுவை ‘ஹ’ வரிசையில் தேடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போகிமான் வீடியோ கேம் வரிசைக்கென்று ஜப்பானிய மொழியில் இருக்கும் கலைக்களஞ்சியங்களைப் பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஜப்பானிய விக்கியில்தான் தகவல் நிறைய இருக்கிறது என்கிறார்கள். ஒரு எழுத்துகூடத் தெரியாது. எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது? (கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை)

எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலக்காடு ஸ்டாண்டில் மலையாளப் போர்டு மட்டும் மாட்டிய பஸ்ஸில் சரியாக ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்ன? எழுத்தின் உருவம், பஸ் நிற்கும் இடம், புறப்படும் நேரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஏறுகிறோம். இங்கேயும் அப்படித்தான்.

கேமில் பிடித்து வளர்க்கும் கற்பனை உயிரினங்களுக்கும் போகிமான் என்றே பெயர். ஒவ்வொரு போகிமானுக்கும் ஒரு தேசிய எண் உண்டு. பெயர் மொழிக்கு மொழி மாறும், அந்த எண் மாறாது. பல்பசோர் ஜப்பானில் ஃபுஷிகிதானே. எண் இரண்டு இடத்திலும் 1. சார்மாண்டர் அங்கே ஹிடோகாகே, எண் 4. ஸ்நார்லாக்ஸ் அங்கே காபிகோன், எண் 143. ஸ்கார்லெட், வயலட் கேம்கள் வரை மொத்தம் 1025. ஜப்பானியப் பக்கத்திலும் எண்களை 1, 2, 3 என்று நாம் எழுதும் உருவத்திலேயே அச்சிடுகிறார்கள்.

போகும் வழி இது. முதலில் இங்கிலீஷ் கலைக்களஞ்சியத்தில் அந்தப் போகிமானின் பக்கத்தைத் திறங்கள். மொழிகளின் பட்டியல் ஓரத்திலோ அடியிலோ இருக்கும். அதில் மூன்றே எழுத்தாக ஒரு பெயர் தெரியும்: முதல் எழுத்து நடுவில் ஒரு கோடு போட்ட நெட்டுப்பெட்டி, இரண்டாவது கிளை விரித்த மரத்தின் அடியில் சின்னக் கோடு, மூன்றாவது கோடுகள் நெருக்கிய எழுத்து. அதுதான் ‘ஜப்பானிய மொழி’. தட்டினால் நேரே அதே போகிமானின் ஜப்பானியப் பக்கம் வரும். அப்படிப் பட்டியல் இல்லையென்றால், இங்கிலீஷ் பக்கத்தின் தலைப்பருகே இருக்கும் ஜப்பானியப் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்.

வந்த பக்கம் சரிதானா என்று மூன்று எண்களை வைத்துச் சோதியுங்கள். பிகாச்சு என்றால் தேசிய எண் 25, உயரம் 0.4 மீட்டர், எடை 6.0 கிலோ. ஜப்பானில் மெட்ரிக் அளவுதான். அடி, பவுண்டு குழப்பம் கிடையாது. ஆனால் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. தேசிய எண்ணோடு வட்டார எண்களும் அதே பெட்டியில் இருக்கும். ஜோட்டோ (கேமில் வரும் ஒரு கற்பனை வட்டாரம்) பட்டியலில் பிகாச்சுவின் எண் 22. அதை எடுத்துக்கொண்டு தேடினால் வேறு ஒரு போகிமான் வந்து நிற்கும்.

அடுத்தது ஆறு வரிசைப் பலப்பட்டியல். முதல் வரிசையில் எச்பி (உயிர்ப் புள்ளி) என்ற ரோமன் எழுத்துகள் ஜப்பானியப் பக்கத்திலும் அப்படியே இருக்கும். அதன்கீழ் தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்ற வரிசை. பிகாச்சுவுக்கு 35, 55, 40, 50, 50, 90, கூட்டினால் 320. உங்கள் பக்கத்தில் 35, 55, 30, 50, 40, 90 என்று 300தான் வருகிறதா? பக்கம் தப்பில்லை. 2013இல் எக்ஸ், ஒய் கேம்கள் வந்தபோது பிகாச்சுவின் இரண்டு தற்காப்பையும் உயர்த்தினார்கள். நீங்கள் பார்ப்பது அதற்கு முந்தைய தலைமுறையின் பட்டியல்.

கேள்வி: அச்சுப் புத்தகமாக ஒரு ஜப்பானிய போகிமான் களஞ்சியம் கிடைத்தது. பின்னால் பெயர் அகரவரிசை இருக்கிறது, ஆனால் எந்த வரிசை என்று புரியவில்லை. (பள்ளி ஆசிரியர், செங்கோட்டை)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. அது நம் அரிச்சுவடி வரிசை!

ஜப்பானிய உயிரெழுத்து ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நம் பன்னிரண்டில் நெடிலையும் ஐ, ஔவையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் ஐந்து, அதே வரிசையில். மெய் வரிசை: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. தமிழ் மெய்வரிசையில் ப இருக்கும் இடத்தில் ஹ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் காரணம் உண்டு: பழைய ஜப்பானியத்தில் அந்த ஒலி ப-வாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்து கடைசியில் தனியாக ஒரு ன், நம் மெய்வரிசையின் கடைசியில் ன் நிற்பதைப் போலவே. கடைசி ன் ஒத்துப்போவது மட்டும் தற்செயல்; மற்ற வரிசை தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன இந்திய எழுத்து வரிசையிலிருந்து அமைந்தது அது.

இன்னும் ஒன்று தமிழருக்கே வசதி. மலையாளம் படித்தவர் நம் ஒரே க-வை நான்கு எழுத்தாகப் பிரித்துத் தேடுவார். தமிழில் ‘கடல்’, ‘தங்கம்’ இரண்டிலும் ஒரே க தானே? ஜப்பானிய அகரவரிசையும் அப்படித்தான் பார்க்கிறது. எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் ஒலி கனக்கும். சின்ன வட்டம் போட்டால் ஹ என்பது ப ஆகும். தேடும்போது அந்தக் கோட்டையும் வட்டத்தையும் இல்லாததாக வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பிகாச்சு இருக்கும் இடம் ‘ஹி’.

அந்த ‘ஹி’ பகுதியைத் திறந்து பாருங்கள். முதல் 151 போகிமானை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த வரிசையில் வரும்: பிகாச்சு, பிகுஷீ, பிஜோட்டோ, பிஜோன், பிப்பி, ஹிடோகாகே, ஹிடோதேமன், பிரிரிதாமா. இரண்டாம் எழுத்தைக் கவனியுங்கள். க, கு, ஜி என்று போகிறது. ஜி என்பது சி-க்குக் கோடு போட்டது. பிப்பியின் நடுவில் நிற்பது சின்ன ட்சு. அது த வரிசையில் மூன்றாவது. அதற்குப் பிறகு தொ, கடைசியில் ரி. க, ச, த, ர. தமிழ் அகராதியில் விரல் வைத்துத் தேடிய பழக்கம் இங்கே அப்படியே உதவும்.

தடுமாறும் இடம் ஒன்று சொல்லவேண்டும். பெயரின் நடுவே ஒரு நீண்ட கிடைக்கோடு வந்தால் முன்னெழுத்தை நெடிலாக நீட்டு என்று பொருள். சில புத்தகங்கள் அடுக்கும்போது அதைக் கணக்கில் எடுக்காது, சில அதை ஒரு உயிரெழுத்தாக எண்ணும். ஈவீ என்ற போகிமானின் ஜப்பானியப் பெயரில் இரண்டாவதே அந்தக் கோடுதான். ஓரிடத்தில் இல்லையென்றால் நாலைந்து வரி தள்ளிப் பாருங்கள். செங்குத்தாக அச்சிட்ட பக்கத்தில் அந்தக் கோடும் செங்குத்தாக நிற்கும். அப்படிப்பட்ட புத்தகம் வலப்பக்கம் திறக்கும், வரிகளும் வலமிருந்து இடமாகப் போகும்.

கேள்வி: எத்தனை எழுத்து கற்றால் போதும்? (அதே ஆசிரியரின் மாணவர்கள்)

போகிமான் பெயர்களை எழுதும் கட்டகனா எழுத்தில் அடிப்படை உருவங்கள் 46. கூர்மையான நேர்கோட்டு எழுத்தாக இருந்தால் கட்டகனா. வளைந்து குழைந்தால் ஹிரகனா. கோடுகள் அடைத்துக்கொண்டு நின்றால் சீன வழி வந்த கஞ்சி. நாளைக்கு ஐந்து எழுத்து வீதம் பத்து நாளில் 46உம் முடியும். எளியதிலிருந்து தொடங்குங்கள். ‘ரொ’ ஒரு வெறும் சதுரம். ‘நி’ ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு (ஜப்பானியத்தில் இரண்டுக்கும் ‘நி’ என்றே பெயர்). ‘மி’ மூன்று சாய்கோடு. ‘தொ’ ஒரு நெட்டுக்கோடும் வலப்பக்கம் ஒரு சுள்ளியும்.

எல்லோரும் வழுக்கும் இடம் ‘ஷி’யும் ‘ட்சு’வும். இரண்டிலும் இரண்டு குட்டைக்கோடு, ஒரு நீண்ட கோடு. குட்டைக்கோடுகள் இடப்பக்கம் மேலும் கீழுமாக அடுக்கி, நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறினால் ஷி. குட்டைக்கோடுகள் உச்சியில் பக்கம் பக்கமாக நின்று, நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கினால் ட்சு. ஒரு குட்டைக்கோடு மட்டும் இருந்தால் அதே விதிப்படி ஏறுவது ‘ன்’, இறங்குவது ‘ஸொ’.

கேள்வி: மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்தினால் பெயரெல்லாம் உளறலாக வருகிறது. ‘ஒரு லட்சம் வோல்ட்’ என்று என்னவோ சொல்கிறது! (மொபைல் கடைக்காரர், வேலந்தாவளம்)

அந்த ‘ஒரு லட்சம் வோல்ட்’ உளறலே இல்லை. இங்கிலீஷில் தண்டர்போல்ட் என்கிற தாக்குதலுக்கு ஜப்பானியப் பெயர் ‘ஜூமன் போருடோ’. மன் என்றால் பத்தாயிரம். பத்து மன் என்றால் லட்சம். பெயரின் தொடக்கத்திலேயே 10 என்ற எண் இருக்கும், பின்னால் இரண்டு வளைந்த எழுத்து, மூன்று கூர் எழுத்து. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. அனுபவப் புள்ளிக்கும் இதே கணக்குதான்: ‘100 மன்’ வகை என்று போட்டிருந்தால் நூறாம் நிலைக்கு 10 லட்சம் புள்ளி வேண்டும். நூறு என்று படித்துவிடாதீர்கள்.

மற்றப் பெயர்கள் ஏன் கெடுகின்றன? அவை ஒட்டிப் புனைந்த சொற்கள். ஹிடோகாகே என்பது ஹி (நெருப்பு), தொகாகே (பல்லி) சேர்ந்தது. இயந்திரம் அதை ஹிதொ, காகே என்று வெட்டினால் ‘மனித நிழல்’ ஆகிவிடும். எனவே மூலப் பக்கம் ஒரு டேபிலும் மொழிபெயர்த்த பக்கம் இன்னொன்றிலுமாகத் திறந்து வையுங்கள். வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு, பெயருக்கு மூலம்.

தாக்குதல்களைப் பெயரைவிட எண்ணால் அடையாளம் காண்பது பத்திரம். பட்டியலில் வலிமை, துல்லியம், பிபி (அந்தத் தாக்குதலை எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்ற கணக்கு) என்று மூன்று எண் இருக்கும். இன்றைய கேம்களில் தண்டர்போல்ட் 90, 100, 15. தண்டர் 110, 70, 10.

சொற்றொடர் அமைப்பில் தமிழருக்குச் சிரமமே இல்லை. ஒரே இழுப்பில் சுழித்த வட்டம் போன்ற ‘நொ’ என்ற எழுத்து நம் ‘இன்’ உருபு. மலையாளத்தில் ‘ராமன்டெ வீடு’ என்பதில் வரும் ‘டெ’. ‘காமினாரி நொ இஷி’ என்றால் இடியின் கல், அதாவது பிகாச்சுவை ராய்ச்சுவாக்கும் தண்டர் ஸ்டோன். சொல் வரிசை மாறவே இல்லை, பாருங்கள். வினையும் மறுப்பும் கடைசியில்தான். வாக்கியம் ‘நாய்’ என்ற ஒலியில் முடிந்தால் ‘இல்லை, முடியாது’ என்ற பொருள். நீண்ட வாக்கியத்தில் இயந்திரம் அதைத் தவறவிடுவது உண்டு; ‘பிடிக்கலாம்’ என்று வந்தால் மூலத்தின் கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

‘இஜோ’ என்ற சொல்லும் அப்படி. எண்ணுக்குப் பின்னால் வந்தால் அந்த எண்ணையும் சேர்த்து அதற்கு மேல் என்று பொருள். பழைய கேம்களில் பிச்சு (பிகாச்சுவின் குட்டி வடிவம்) பிகாச்சுவாக மாற நட்பு அளவு ‘220 இஜோ’ வேண்டும். மொழிபெயர்ப்பு ‘220ஐ விட அதிகம்’ என்று காட்டினாலும் 220 போதும்.

கேள்வி: அட்டவணை முழுக்க வட்டமும் பெருக்கல் குறியுமாக இருக்கிறது. வட்டம் என்றால் பூஜ்யமா? (வாசகர், மீனாட்சிபுரம்)

இல்லை. ஜப்பானில் வட்டம் என்றால் சரி, உண்டு. பெருக்கல் குறி என்றால் இல்லை. முக்கோணம் அரைகுறை. நாம் ‘சரி’க்குப் போடும் டிக்கை அங்கே ஆசிரியர்கள் தவறான விடைக்குப் போடுகிறார்கள், அதனால் இந்தக் கவனம் அவசியம். போகிமான்களை மின்சாரம், நிலம் என்று வகை பிரித்திருப்பார்கள்; எந்த வகை எந்த வகையை வெல்லும் என்ற அட்டவணையில் மட்டும் நிதானியுங்கள்: இரட்டை வட்டமும் இருந்தால் ஒற்றை வட்டம் சாதாரண அடி, இரட்டை வட்டமே இல்லையென்றால் ஒற்றை வட்டமே இருமடங்கு. பக்கவாட்டில் இருப்பது அடிப்பவரா, வாங்குபவரா என்பதை மின்சாரமும் நிலமும் சந்திக்கும் இரண்டு கட்டங்களே சொல்லிவிடும். மின்சாரம் நிலத்தை அடித்தால் ஒன்றும் ஆகாது, பெருக்கல் குறி. நிலம் மின்சாரத்தை அடித்தால் இருமடங்கு.

கேள்வி: நீலப் பதிப்பில் கிடைக்கும் என்று ஜப்பானியப் பக்கத்தில் பார்த்துத் தேடினேன், என் கேமில் இல்லை. (வாசகர், குமுளி)

உங்கள் நீலமும் அவர்கள் நீலமும் ஒன்றல்ல. ஜப்பானில் 1996 பிப்ரவரி 27 அன்று வந்தவை சிவப்பும் பச்சையும். நீலம் அதே ஆண்டு அக்டோபரில் அஞ்சல் வழி விற்பனையாகத் தனியாக வந்தது. 1998இல் அமெரிக்காவில் சிவப்பு, நீலம் என்று வெளியிட்டபோது, எந்தப் போகிமான் எதில் கிடைக்கும் என்பதைப் பழைய சிவப்பு, பச்சையிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது இங்கிலீஷ் நீலம் என்றால், ஜப்பானியப் பக்கத்தில் பச்சை என்ற பத்தியைப் பாருங்கள். சாண்ட்ஷ்ரூ (எண் 27) அங்கே பச்சையில், இங்கே நீலத்தில். நாம் மஞ்சள் என்பதற்கு அங்கே பெயர் ‘பிகாச்சு’ பதிப்பு. பட்டியலில் பிகாச்சு என்று இருப்பது பதிப்பா, போகிமானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

கேள்வி: ஜப்பானியத்தில் டைப் செய்ய வழி உண்டா? சில பழைய பக்கங்கள் வெறும் கிறுக்கலாகத் திறக்கின்றன. (வாசகர், வாளையார்)

உண்டு. ஃபோனில் ஜிபோர்டு (கூகுளின் விசைப்பலகை) அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய் ஜப்பானியத்தைச் சேருங்கள். கேட்கும்போது க்வெர்ட்டி வகையைத் தேர்ந்தெடுங்கள். ரோமன் எழுத்தில் ஒலிப்படி அடித்தால் மேலே வரும் பரிந்துரைகளில் கட்டகனா உருவம் இருக்கும். பிகாச்சுவுக்குக் கடைசி ‘யு’வை இரண்டு தடவை தட்டவேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் தேடலில் சிக்காமல் போகலாம். நீட்டல் கோட்டுக்கு ஹைபன். கணினியில் விண்டோஸின் ஜப்பானிய விசைப்பலகை என்றால், அடித்ததும் எஃப்7 அழுத்தினால் கட்டகனாவாக மாறும்.

கிறுக்கல் வருவது பக்கத்தின் குற்றமில்லை. யூனிகோடுக்கு முந்தைய ஷிஃப்ட்-ஜிஸ், இயுசி போன்ற குறியாக்கத்தில் அவை எழுதப்பட்டவை. உலாவி தவறாக ஊகித்துவிடுகிறது. கணினியில் ஃபயர்பாக்ஸில் திறந்து, காட்சி மெனுவில் எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் கட்டளையை ஒருமுறை அழுத்துங்கள். சரியான பிறகு நகலெடுங்கள். கிறுக்கலாக இருக்கும்போது நகலெடுத்து ஒட்டினால் மொழிபெயர்ப்புக் கருவிக்கும் ஒன்றும் புரியாது.