மொட்டைக் கழுத்துச் சேவலுக்கு இறகுக் கழுத்துக் குஞ்சு ஏன்?

கேள்வி: ஐயா, வெல்லம்பிட்டியில் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறேன். பழைய சேவலை விற்றுவிட்டு, "சுத்த இனம்" என்று ஒருவர் தந்த மொட்டைக் கழுத்துச் சேவலை வாங்கி, இறகுக் கழுத்துள்ள மூன்று பேடுகளோடு விட்டேன். அடுத்த வாரமே முட்டைகளை அடைவைத்தேன். பொரித்த 14 குஞ்சில் 8 மொட்டைக் கழுத்து, 6 இறகுக் கழுத்து. பிழை பேடுகளிலா? கறிக்குப் போட்டுவிடவா?

பதில்: கத்தியைக் கீழே வையுங்கள். பேடுகளில் ஒரு பிழையுமில்லை.

கழுத்தை மொட்டையாக்கும் பரம்பரை அலகு (ஜீன்) ஆட்சியானது. அலகுகள் சோடியாக இருக்கும்; அந்தச் சோடியில் ஒன்று மொட்டை அலகாக இருந்தாலே கழுத்து மொட்டையாகிவிடும். ஆகவே கழுத்தில் முழுதாக இறகுள்ள கோழியிடம் ஒளிந்திருக்க ஒன்றுமில்லை. அதன் இரண்டு அலகும் சாதாரணமானவை. உங்கள் பேடுகளும் அந்த 6 குஞ்சுகளும் அப்படித்தான். குஞ்சுக்கு ஓர் அலகு தாயிடமிருந்து வந்தால் மற்றது தகப்பன் கொடுத்ததுதானே? அப்படியானால் சேவல் கலப்பு, அதாவது அதன் ஓர் அலகு மொட்டை, மற்றது சாதாரணம். இரண்டும் மொட்டை அலகானால்தான் சுத்தம். கலப்புச் சேவலுக்குப் பாதிக்குப் பாதி பிறக்க வேண்டும். 14இல் 8க்கு 6 என்பது அதற்குள் அடங்கும்.

ஆனால் விற்றவரோடு சண்டைக்குப் போக முன் ஒரு விசயம். சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு, சிலவேளை மூன்று கிழமை கூட உயிரோடிருக்கும். நீங்கள் ஒரு கிழமையிலேயே முட்டை எடுத்திருக்கிறீர்கள். மொட்டைக் குஞ்சு எட்டும் புதுச் சேவலுடையவை, சந்தேகமில்லை. மற்ற ஆறும் விற்றுப்போன பழையவனின் பிள்ளைகளாக இருக்கலாம்!

இதற்குச் சேவலின் கழுத்தே பதில் சொல்லும். இரவு கூட்டில் ஏறியபின் பிடித்து, டோர்ச் அடித்துக் கழுத்தின் முன்புறம், தீன்பைக்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே ஒரு கொத்து இறகு இருந்தால் கலப்பு. வெறும் சிவந்த தோலோ, இரண்டொரு இறகோ மட்டும் என்றால் சுத்தம். உங்கள் எட்டு மொட்டைக் குஞ்சுகளிலும் அந்தக் கொத்து இருக்கும். தாய்மார் இறகுக் கழுத்தல்லவா.

மனம் ஆறாவிட்டால், பேடுகள் இந்தச் சேவலோடு மூன்று கிழமை இருந்தபின் வரும் முட்டைகளை அடைவையுங்கள். ஓர் இறகுக் கழுத்துக் குஞ்சு வந்தாலே கலப்பு என்று முடிவு. ஏழு குஞ்சு பொரித்து ஏழும் மொட்டையென்றால் சுத்தம் என்றே நம்பலாம். கலப்புச் சேவலுக்கு அப்படி அமைய 128இல் ஒரு வாய்ப்புத்தான்.

கலப்பானாலும் விற்காதீர்கள். இறகு குறைந்த கோழி கொழும்புப் புழுக்கத்தை நன்றாகத் தாங்கும். வேறிடத்துக் கொத்துக் கழுத்துப் பேடொன்றோடு சேர்த்தால், குஞ்சுகளில் காற்பங்கு சுத்தமாக வரும். கொத்தில்லாத மொட்டைக் கழுத்துக் குஞ்சுகள் அவைதான், காலில் நூல் கட்டி வையுங்கள்.