மூன்று சக்கரமும் ஒன்றாகப் பட வேண்டுமென்றால் விமானம் ஸ்டால் ஆகியிருக்க வேண்டுமா?

டெயில்வீல் விமானத்தை, அதாவது முன்னால் இரண்டு சக்கரமும் வாலடியில் ஒரு சின்னச் சக்கரமும் உள்ள விமானத்தை, த்ரீ-பாயின்ட்டில் (மூன்று சக்கரமும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி) இறக்கும்போது இறக்கை முழுதாக ஸ்டால் ஆகியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. நானும் ரொம்ப நாள் ஆமாம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன், அந்த நம்பிக்கையில் பென்சில்வேனியாவில் ஒரு புல்தரை ஓடுபாதையில் பைப்பர் ஜே-3 கப் என்ற சின்ன டெயில்வீல் விமானம் ஒன்றை மூன்றடி உயரத்திலேயே ஸ்டால் செய்து தொப்பென்று போட்டேன். முன் சீட்டில் இருந்த பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இடுப்பை மட்டும் தடவிக்கொண்டார்.

ஸ்டால் என்றால் இன்ஜின் நிற்பதல்ல. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறிப்போய், மேல்பரப்பில் ஓடும் காற்று பிய்த்துக்கொள்வது. கப் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கிறதே, அந்தக் கோணம் ஸ்டால் கோணத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே மூன்றும் சேர்ந்து பட்டால் ஸ்டாலுக்குக் கொஞ்சம் முன்பே இறங்கிவிட்டீர்கள். இன்னும் இழுத்தால் வால்தான் முதலில் இடிக்கும்.

இறங்கும்போது பவுன்ஸ் ஆவதற்கும் (தரையில் பட்டு மறுபடி எகிறுவதற்கும்) இந்தக் கோணம்தான் காரணம், ஸ்பிரிங்கை மட்டும் திட்டிப் பயனில்லை. எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வேகம் மிச்சமிருக்கும்போது அவை முதலில் இடித்தால் வால் கீழே போகும், கோணம் கூடும், இறக்கை மறுபடி தூக்கிவிடும். வீல் லேண்டிங்கில் (வாலைத் தூக்கியபடி முன்சக்கரங்களை மட்டும் முதலில் இறக்கும் முறையில்) மட்டும், மெதுவாகப் பட்டவுடன் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை லேசாக முன்னால் தள்ளி அந்தக் கோணத்தைக் குறைத்துவிடுகிறோம். த்ரீ-பாயின்ட்டில் அதற்கு நேரெதிர்: தரையை ஒட்டி மிதக்கவிட்டு, இறங்க விடமாட்டேன் என்று ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வாருங்கள், அதுவாகவே உட்காரும்.

உட்கார்ந்தபின் மூச்சு விடாதீர்கள். பின்பாரம் என்பதால் சின்னக் கோணல்கூடத் தானாகப் பெருகிக் கிரவுண்ட் லூப்பில் (விமானம் தரையிலேயே சட்டென்று சுழன்று திரும்பிவிடுவதில்) முடியும், சூப்பர்மார்க்கெட் டிராலியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், புரியும். ஸ்டிக் வயிற்றோடு இருக்கட்டும், கால்கள் ரட்டர் மிதிகளை (மூக்கை இடவலமாகத் திருப்புபவை) விடக்கூடாது.

அப்புறம், ஒருநாள் பயிற்சியாளரோடு 3,000 அடிக்குப் போய், வலப்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாக ஸ்டால் செய்யுங்கள். ஸ்டால் எச்சரிக்கை மணியெல்லாம் கப்பில் கிடையாது. மணிக்கு 40 மைலை நெருங்கும்போது, தொங்கிக்கொண்டிருக்கும் கதவின் கீழ்ப்பாதி தானாக மேலே எழும்பி வரும், யாரோ வெளியிலிருந்து தூக்கிவிட்ட மாதிரி.